இலவசச் சரக்குக்கு ஏஜென்சிச் சண்டை: சயனோஜென் விவகாரத்தில் வணிகர் படிக்க வேண்டிய பாடம்

விலையே இல்லாத ஒரு சரக்குக்கு ஏஜென்சி எடுத்த இரண்டு கம்பெனிகள் உயர் நீதிமன்றம் வரை சென்று மோதிக்கொண்டன என்றால் நம்மில் பலர் நம்ப மாட்டோம். ஆனால் 2014 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது அதுதான். சரக்கு என்பது கைபேசிக்குள் இருக்கும் மென்பொருள். பருப்பும் புளியும் விற்கிற நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஏரியா உரிமை, பிராண்ட் பெயர், விற்ற பின் கவனிப்பு ஆகியவை நமது தொழிலில் எப்படியோ அப்படியே அங்கேயும் இருக்கின்றன. ஆகவே பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் 'திறந்த மூல மென்பொருள்' என்றால் என்ன என்று பார்ப்போம். ஒருவர் சாம்பார் பொடி தயாரிக்கிறார். மல்லி எத்தனை, மிளகாய் எத்தனை, எந்தப் பக்குவத்தில் வறுக்க வேண்டும் என்பதையெல்லாம் பாக்கெட்டின் பின்புறமே அச்சடித்து, "யார் வேண்டுமானாலும் இதே போல அரைத்து விற்றுக்கொள்ளலாம், எனக்குக் காசு தர வேண்டாம்" என்று எழுதியும் விடுகிறார். திறந்த மூலம் என்பது இதுதான். ஆனால் பாக்கெட்டின் முன்புறத்தில் இருக்கும் பெயரையும் படத்தையும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. செய்முறை பொதுச்சொத்து போன்றது, பெயர் அவருடையது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது சுலபம்.

இன்று பெரும்பாலான கைபேசிகளில் ஓடும் ஆண்ட்ராய்டு இந்த வகையைச் சேர்ந்தது. அந்தப் பெயருள்ள சிறு கம்பெனியை கூகுள் 2005-ல் வாங்கியது; 2007 நவம்பரில் மென்பொருளை அறிவித்தது; 2008-ல் முதல் கைபேசி கடைக்கு வந்தது. செய்முறை இலவசம்தான். ஆனால் அதன் மேல் வைக்கப்படும் பிளே ஸ்டோர், ஜிமெயில், வரைபடம் போன்றவை கூகுளின் சொந்தச் சரக்கு. அவற்றுக்கு கூகுளின் அனுமதி வேண்டும்.

சயனோஜென்மாட் என்பது, ஆண்ட்ராய்டை எடுத்து மெருகேற்றி 2009-ல் ஸ்டீவ் கோண்டிக் என்பவர் தொடங்கிய மென்பொருள். பல நாடுகளில் உள்ள ஆர்வலர்கள் கூலி வாங்காமல் அதில் உழைத்தார்கள். அந்த ஆண்டே கூகுளிடமிருந்து ஒரு வக்கீல் கடிதம் வந்தது. ஆண்ட்ராய்டை மாற்றியதற்காக அல்ல, கூகுளின் சொந்தச் சரக்குகளையும் சேர்த்துப் பொட்டலம் கட்டியதற்காக. அவற்றை நீக்கிவிட்டுத் தொடர்ந்தார்கள். உபயோகிப்போர் பெருகவே, 2013-ல் சயனோஜென் என்ற பெயரில் முறையான கம்பெனி உருவாயிற்று. அமெரிக்க முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள்.

இலவசப் பொருளை வைத்துக் கம்பெனி எப்படிச் சம்பாதிக்கும்? கைபேசி தயாரிப்பாளர்களிடம் "எங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வப்போது புதுப்பித்துத் தருகிறோம்" என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2015 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட்டின் செயலிகளைத் தங்கள் மென்பொருளோடு சேர்க்கவும் உடன்பாடு செய்தார்கள். நம் கடையில் கண்ணுக்கு நேரான ராக்கை ஒரு கம்பெனிக்கு ஒதுக்குகிறோமே, ஏறக்குறைய அந்தக் கணக்கு.

இனி சண்டைக்கு வருவோம். 2014-ன் தொடக்கத்தில் சீனாவின் ஒன்பிளஸ் கம்பெனியோடு சயனோஜென் ஒப்பந்தம் செய்தது. சீனா நீங்கலாக உலகமெங்கும் அதன் கைபேசியில் சயனோஜென் பெயர் இருக்கலாம் என்று ஏற்பாடு. அதே ஆண்டின் பிற்பகுதியில், நம் நாட்டு மைக்ரோமேக்ஸ் கம்பெனிக்கு இந்தியாவுக்கான தனி உரிமையையும் சயனோஜென் கொடுத்துவிட்டது! ஒரே ஏரியாவுக்கு இரண்டு பேர். ஒன்பிளஸ் டிசம்பர் தொடக்கத்தில் இங்கே விற்பனையை ஆரம்பித்தது. மைக்ரோமேக்ஸ் உடனே வழக்குப் போட்டது. டிசம்பர் 16-ல் தனி நீதிபதி, சயனோஜென் பெயருள்ள ஒன்பிளஸ் கைபேசிகளை இறக்குமதி செய்யவும் விற்கவும் இடைக்காலத் தடை விதித்தார். சில நாட்களில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. ஒன்று 21,999 ரூபாய்க் கைபேசி, மற்றது 8,999 ரூபாய் யுரேகா. ஒரே வாடிக்கையாளர் இரண்டுக்கும் நடுவே நின்று தடுமாறியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் தனி உரிமை என்று காசு கொடுத்து வாங்கியவனுக்கு அது சமாதானம் ஆகாது. மைக்ரோமேக்ஸ் கோபித்துக்கொண்டதில் நியாயம் உண்டு. எனது கோபமெல்லாம் இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்த பிரின்சிபல் கம்பெனி மேல்தான்.

இது கணினி உலகத்துக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் கடை ஒரு ஊதுபத்திக் கம்பெனிக்கு தாலுகா முழுவதற்கும் ஏஜென்சி எடுத்திருந்தது. மூன்று வருடம் கடை கடையாக ஏறி இறங்கி அந்தப் பெயரை நிலைநிறுத்திய பிறகு, பக்கத்து ஊர்க்காரருக்கும் அதே தாலுகாவைக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. "அவருக்கு வேறு பேக்கிங், உங்களுக்கு வேறு பேக்கிங்" என்று விளக்கம் வேறு! நான் டெபாசிட்டைத் திரும்பக் கேட்டு வாங்கி, பில் புத்தகத்தை ஒப்படைத்தேன். ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஏரியாவை மட்டும் எழுதினால் போதாது. எந்தெந்த பேக்கிங், எத்தனை காலம், கம்பெனி விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, தேங்கிய சரக்கை யார் திரும்ப எடுப்பது என்பதும் வேண்டும்.

சயனோஜென் விவகாரத்தில் நடுவில் அகப்பட்டவர்கள் வாடிக்கையாளர்கள். இந்தியாவில் விற்கும் ஒன்பிளஸ் கைபேசிகளுக்குப் புதுப்பிப்பு வராது என்ற செய்தி முதலில் பரவியது. பிறகு சயனோஜென் இறங்கி வந்து, இந்தியாவுக்கும் கிடைக்கும் என்றது. பணம் கொடுத்துக் கைபேசி வாங்கியவனுக்கு அந்த இரண்டு கம்பெனிகளின் ஒப்பந்தம் பற்றி என்ன தெரியும்? அவன் விற்றவன் முகத்தைத்தான் பார்ப்பான்.

ஒன்பிளஸ் அதன் பிறகு செய்ததை நமது மொத்த வியாபாரிகள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். அதே இலவச ஆண்ட்ராய்டை எடுத்து 'ஆக்சிஜன் ஓஎஸ்' என்று தன் பெயரில் 2015-ல் வெளியிட்டது. மில்லிலிருந்து உளுந்து வாங்கித் தன் பெயர் போட்ட பையில் விற்பவர் செய்வதும் அதுதானே. செய்முறை இலவசம் என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கம்பெனி கைவிட்டதும் கைபேசியே நின்றிருக்கும்.

சயனோஜென் கம்பெனிக்கு நல்ல முடிவு வாய்க்கவில்லை. 2016-ல் நிறுவனர் கோண்டிக் விலகினார். அந்த டிசம்பர் 31-க்குள் சேவைகள் அனைத்தும் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. கூலியின்றி உழைத்த ஆர்வலர்கள் செய்முறையை எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்கள், ஆனால் பெயரை எடுத்துச் செல்ல முடியவில்லை. அது கம்பெனியின் சொத்து. 'லீனேஜ் ஓஎஸ்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயரை வளர்த்தவர்களிடமே பெயர் இல்லாமல் போயிற்று! கூட்டாளிகளோடு பிராண்ட் நடத்தும் நமது நண்பர்கள், டிரேட் மார்க் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பார்க்கலாம்.

கூகுள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். குளிர்பானக் கம்பெனி இலவசமாகத் தந்த ஃபிரிட்ஜில் வேறு பாட்டிலை வைத்தால் என்ன பேச்சு வரும் என்று நமக்குத் தெரியும். பிளே ஸ்டோர் வேண்டுமானால் எங்கள் மற்ற செயலிகளையும் சேர்த்தே வைக்க வேண்டும் என்பது கூகுள் கைபேசி தயாரிப்பாளர்களுக்கு விதித்த நிபந்தனை. இவ்வகை நிபந்தனைகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதி செய்தது.

இப்போது நமது கடைகளுக்கு இலவச பில்லிங் செயலியோடு இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களை விரட்ட வேண்டாம். கைபேசியில் கடன் கணக்கு எழுதுவது வசதிதான். ஆனால் செயலியை ஏற்றும் முன்பே, கம்பெனி நாளை மூடிவிட்டால் என் பற்று வரவை முழுவதும் வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். "முடியும்" என்றால் அங்கேயே, உங்கள் கண்முன்னால், நாலு வாடிக்கையாளர் பெயரை ஏற்றி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்ததை வேறு கைபேசியில் திறந்து பார்த்த பிறகு பழைய நோட்டை மூடலாம்.