பிரிக்காத மாத்திரை அட்டை



சென்ற மாதம் பெண்கள் வார்டைச் சுற்றி வந்தபோது, வீரபாண்டிப் பக்கம் நாற்று நடவுக்குப் போகும் ஒரு தாயைச் சந்தித்தோம். ஏழு மாதக் கர்ப்பம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இமையின் உட்புறமும் நகங்களும் வெளுத்திருந்தன. தலைமாட்டுப் பையில் சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் அட்டை பிரிக்காமலே கிடந்தன. காரணம் கேட்டோம்.

"மாத்திரை போட்டா வெளிக்கி கருப்பாப் போகுதுங்கய்யா. வயித்தையும் பெரட்டுது. பயந்துபோயி நிறுத்திட்டேன்" என்றார்.

இந்தப் பயத்தை நீக்கவே இம்மாதப் பாடம்.

இரத்தம் உண்டாவது எப்படி?

வேதம் உயிரையும் இரத்தத்தையும் சேர்த்தே பேசுகிறது. அந்த இரத்தத்தின் அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன. விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் உண்டாகின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏறக்குறைய 120 நாள். உடலில் பிராணவாயு குறைந்தால், சிறுநீரகம் எரித்ரோபாயட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து மஜ்ஜையை முடுக்கிவிடுகிறது. ஆனால் சரக்கு இல்லாமல் வேலை நடக்குமா? ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். அணு முதிர ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் வேண்டும். இவை தீர்ந்தால் இரத்தசோகை.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை; 7 கிராமுக்குக் குறைந்தால் ஆபத்தான நிலை. பிரசவத்தில் மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கையும் இவர்கள் தாங்கமாட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. சத்தில்லாத சாப்பாடு, அதிக மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவம் ஆகியவை காரணங்கள். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோல்வழியே நுழையும் கொக்கிப்புழுவும் ஒரு காரணம்.

மருந்து வந்த வழி

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளரான ஏழைக் கர்ப்பிணிகளை வாட்டிய இரத்தசோகையை ஆராய்ந்தார். 1929-இல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அந்த வேலையைத் தொடர்ந்தார். ஈஸ்டிலிருந்து செய்யும் 'மார்மைட்' என்ற மலிவான உணவு அந்தத் தாய்மாரைக் குணமாக்கியதை 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், 1945-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அந்தத் தாயின் பையில் கிடந்த மாத்திரைக்குள் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

சாப்பிடும் முறை

1. கர்ப்பிணிகள் நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டும். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தொடர வேண்டும்.

2. மலம் கருப்பாவது இரும்பினால்தான், அஞ்ச வேண்டாம். வயிறு புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப்பின் போடலாம்.

3. டீ, காபி, பாலோடு போடக்கூடாது. இதில் நாங்களும் தவறியிருக்கிறோம். டீ வாங்கிக் கொடுத்து, "மாத்திரையும் போட்டுக்கொள்ளம்மா" என்று சொன்னதுண்டு. டீ இரும்பை உடலில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் சேர உதவும்.

4. களைப்பு தீர்ந்தவுடன் நிறுத்தக்கூடாது. உடலின் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதங்கள் ஆகும்.

மாத்திரையால் தேறாதவர்களுக்கு இரும்பு ஊசியை நரம்பில் ஏற்றுவார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு எரித்ரோபாயட்டின் ஊசி உண்டு. மிகவும் மோசமானால் இரத்தம் ஏற்ற வேண்டும். பரம்பரை இரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இரும்பு தீங்காகலாம். ஆகவே பரிசோதனையும் மருத்துவர் ஆலோசனையும் அவசியம்.

அந்தத் தாய் அன்றிரவே எங்கள் முன்பாக எலுமிச்சைச் சாற்றோடு முதல் மாத்திரையை விழுங்கினார். உங்கள் காணிக்கை மருந்தை நோயாளியின் கைவரை கொண்டுவந்து சேர்க்கிறது. கையிலிருந்து வாய்க்குப் போக ஒருவர் பக்கத்தில் நின்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் தெருவிலும் சபையிலும் உள்ள கர்ப்பிணிகளிடம் இந்த வாரம் ஒன்று கேளுங்கள்: "மாத்திரை தீர்ந்துவிட்டதா, அப்படியே இருக்கிறதா?"