முடியைத் துறந்த இடத்தில் முடிந்த கதை

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையின் ஐந்தாம் பாகத்தைக் கல்கி அவசரமாக முடித்துவிட்டாரா?

பதில்: 1954இல் தொடர் முடிந்தபோதே வாசகர்கள் இப்படிக் குறைபட்டார்கள், கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நான் கல்கியின் கட்சி. தஞ்சை அரியணை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, சோழ இளவரசன் அருள்மொழி கிரீடத்தைத் தன் சிற்றப்பன் உத்தம சோழன் தலையில் வைக்கும் காட்சிதான் கதையின் உச்சி. பாகத்தின் பெயரே 'தியாக சிகரம்'. வெறும் கற்பனையும் அல்ல: சிற்றப்பனுக்கு ஆசை உள்ளவரை அரசு வேண்டாமென்று அருள்மொழி மறுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடே சொல்கிறது. அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யாரென்று கடைசிவரை தெளிவாகவில்லையே என்பார்கள். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானோரைத் துரோகிகள் என்கிறது; கத்தி யார் கையில் இருந்தது என்று சொல்லவில்லை. அந்த இருட்டைக் கல்கி இருட்டாகவே விட்டது நேர்மை. பழுவூர் ராணி நந்தினியின் கதியை முடிவுரைக்குத் தள்ளியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் உற்சாகமாகக் குதிரையில் வந்த கதாநாயகன் வந்தியத்தேவன், இறுதியில் தன்னைக் காதலித்த மணிமேகலையின் உயிர் தன் மடியில் பிரிவதைப் பார்க்கிறானே, அதையா அவசரம் என்பது?