பன்றிக்குக் கழுத்தில் கட்டி — காசநோய்தானா?



திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் கொல்லையில் ஒன்றிரண்டு பன்றி வளர்க்கும் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி இது.

நன்றாகத் தின்று திரிந்த பன்றியை அறுக்கும்போது, கழுத்திலோ குடலையொட்டியோ உள்ள நிணநீர்ச் சுரப்பிகளில் மஞ்சள் நிற முடிச்சுகள் தென்படலாம். "ஐயோ, டி.பி. வந்துடுச்சே!" என்று பதற வேண்டாம். "அதனாலென்ன, வெட்டி எறிஞ்சிட்டுச் சமைச்சுக்கலாம்" என்றும் இருந்துவிட வேண்டாம்.

காசநோய்க் கிருமிக்கு உறவினர் பலர். மனிதருக்குக் காசநோய் தருவது ஒரு வகை. மாட்டுக்குத் தருவது மற்றொன்று. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் 'ஏவியம்' வகை வேறு. பன்றி மூக்கால் மண்ணைக் கிளறித் தின்பதால் ஏவியம் அதற்கு எளிதில் தொற்றும். ஈர மரத்தூளும் பறவை எச்சமும் இதற்கு வழியாகும்.

நம் பகுதிக்கு இது புதிதல்ல. 1968-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்யப்பட்டனர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. காரணம் தேடியவர்கள் இங்குள்ள மண்ணிலும் தண்ணீரிலும் மக்களின் சளியிலும் ஏவியம் வகைக் கிருமிகளைக் கண்டனர். ஆனால் குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து இந்த ஊசி காக்கிறது. பிறந்ததும் போடத் தவறாதீர்கள்.

கண்டறிவது எப்படி?

1. கண்ணால் பார்த்து இன்ன வகை என்று சொல்ல முடியாது.

2. உயிருள்ள பன்றிக்கு, மாட்டு வகை, பறவை வகை டியூபர்குலின் மருந்துகளைக் காதுக்கொன்றாகத் தோலில் போட்டு, 48 மணி நேரம் கழித்துக் கால்நடை மருத்துவர் வீக்கத்தை ஒப்பிடுவார்.

3. அறுத்த பன்றியின் சுரப்பியை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். நுண்ணோக்கியில் தெரியும் சிவப்புக் குச்சிகள் கிருமி இருப்பதை மட்டுமே காட்டும். வகையறியக் கிருமியைப் பல வாரம் வளர்க்க வேண்டும், அல்லது பி.சி.ஆர். சோதனை வேண்டும்.

இவ்வளவு சிரமம் ஏன்? வகைக்கேற்ப மருந்து மாறும். காசநோய்க்குத் தரும் பைரசினமைடு மாத்திரை மாட்டு வகையிடமும் ஏவியத்திடமும் பலிக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது:

• முடிச்சுள்ள இறைச்சியை உண்ணாதீர்கள், விற்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

• சிறு குழந்தைக்குக் கழுத்தில் நெறி கட்டி இறங்காமலிருந்தாலும், வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

• "வீட்டுல பன்னி வளர்க்கிறோம்" என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் சரியான சோதனைக்கும் சரியான மருந்துக்கும் வழிகாட்டும்.