கைப்பிடியை மோட்டாரிடம் கொடுக்குமுன்

அன்புள்ள மருமகனுக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் துப்பாக்கிச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர், தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்பவர், இப்போது தோள்பட்டை வலியால் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுக்க முடியாமல் அதற்கு ஒரு மோட்டார் பூட்டித் தரச்சொல்லி உன்னைக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பது உன் கேள்வி. பிரஸ்களோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: குதிரைத்திறன் அரைப் பக்கக் கணக்கு. கைப்பிடியைப் பிடித்திருக்கும் அந்தக் கை, இழுப்பதைத் தவிர இன்னும் என்னென்ன வேலை பார்க்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். அதைக் கண்டுபிடிக்காமல் மோட்டார் பூட்டக் கூடாது.

முதலில் பிரஸ்ஸைப் புரிந்துகொள். சுட்ட தோட்டாவில் மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும். அதைப் பழைய அளவுக்கு நெருக்கி, அடியில் இருக்கும், வெடிமருந்தைப் பற்றவைத்து எரிந்துபோன பிரைமரை ஊசியால் தள்ளி வெளியேற்றி, புதுப் பிரைமர் பொருத்தி, வாயைச் சற்று விரித்து, மருந்து போட்டு, குண்டை வைத்து அழுத்தி, வாயை இறுக்கினால் மறுபடியும் தோட்டா. புரொகிரஸிவ் பிரஸ்ஸில் ஷெல் பிளேட் என்ற வட்டத் தட்டில் கூடுகள் வரிசையாக நிற்கும். மேலே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு டை. கைப்பிடியை ஒருமுறை இழுத்து விட்டால் எல்லா நிலைகளிலும் வேலை ஒரே சமயத்தில் நடந்து, தட்டு ஒரு நிலை நகர்ந்து, ஒரு தோட்டா முடிந்து விழும். சான் டியேகோவின் ஸ்டார் மெஷின் ஒர்க்ஸ் 1930களிலேயே இப்படி ஒன்றைச் செய்தது. அதை வீட்டு மேசைகளுக்குப் பரவலாகக் கொண்டுவந்தவர் மைக் டில்லன். அவர் தொடங்கிய டில்லன் பிரிசிஷன் நீ படிக்கும் அரிசோனாவில்தான், ஸ்காட்ஸ்டேலில் இருக்கிறது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் டைப் 06 உரிமம் வேண்டும். மோட்டார் வந்துவிட்டால் நண்பர்களுக்கும் நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்கலாமே என்று தோன்றும். அந்தக் கோட்டைப் பெரியவர் தாண்டக் கூடாது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம்.

இனி கை. அவர் நல்ல தோளால் இழுக்கும்போது பக்கத்தில் நின்று கவனி. வழக்கத்தைவிடக் கைப்பிடி கொஞ்சம் கனத்தாலும் நின்றுவிடுவார். சுடுதளத்தில் பொறுக்கிய கூடுகளில் எல்லாம் கலந்து கிடக்கும். .40 கூட்டுக்குள் ஒரு 9 மி.மீ. கூடு செருகியிருக்கும்; .45க்குள் .40 இருக்கும். சில கூடுகள் பெர்டன் வகை: நடுவில் ஒரு துளை இராமல் இரண்டு சிறு துளைகள் விலகி இருக்கும், ஊசி நேராகத் திடப் பித்தளையில் மோதும். (ஹைராம் பெர்டன் அமெரிக்கர், எட்வர்ட் பாக்ஸர் ஆங்கிலேயர், அமெரிக்கா பாக்ஸரின் ஒற்றைத் துளை முறையை எடுத்துக்கொண்டது, ஐரோப்பாவில் பெர்டனின் முறை வேரூன்றியது.) ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றிப் பித்தளையை இறுக்கியிருப்பார்கள், அந்த விளிம்பை அகற்றாவிட்டால் புதுப் பிரைமர் உள்ளே இறங்காமல் நசுங்கும். இவை ஒவ்வொன்றும் கைப்பிடியில் வெவ்வேறு மாதிரி தெரியும். பல வருடம் இழுத்த கைக்கு எது எதுவென்று பிரித்துச் சொல்லக்கூட வரும்.

பிரைமரைப் பற்றி நீ தூக்கத்திலும் மறக்கக் கூடாது. சிறிய கைத்துப்பாக்கிப் பிரைமரின் விட்டம் 4.45 மி.மீ.தான். உள்ளே இருக்கும் கலவை திடீர் அடிக்கு வெடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. மெதுவாக அழுத்தும் கை, பிரைமர் கோணலாக நிற்பதையோ தலைகீழாக வந்ததையோ உணர்ந்து பின்வாங்குகிறது. அதே பிரைமரை மோட்டார் தன் முழு வேகத்தோடு அடித்தால் அது துப்பாக்கியின் ஊசி செய்யும் வேலைக்குச் சமம். பக்கத்துக் குழாயில் நூறு பிரைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒன்று வெடித்தால் மற்றவையும் தொடர்ந்து போகலாம். அந்தக் குழாயைச் சுற்றி எஃகுக் கவசக் குழாய் வைத்திருப்பது அதனால்தான். அதைக் கழற்றிவிட்டு சென்சார் மாட்ட இடம் தேடாதே. கண்ணாடி அணியாமல் அந்த மேசைப் பக்கமே போகாதே.

ஆகவே எந்தப் பிரஸ் என்பதே முதல் முடிவு. டில்லன் 550இல் தட்டைக் கையால் திருப்பவேண்டும். அதற்கு மோட்டார் என்ற பேச்சே வேண்டாம். 650இல் தட்டு தானாகத் திரும்பும், ஆனால் பிரைமர் பொருந்துவது இழுப்பின் முடிவில் அல்ல. கைப்பிடியைத் திரும்ப மேலே கொண்டுபோய் முன்னால் தள்ளும்போது, முழுக்க உள்ளங்கை உணர்வில். எட்டு நிலைகள் கொண்ட 1050 வேறு ஜாதி. அதில் மேலிருக்கும் டை தலை கீழே இறங்குகிறது. அதே இறக்கத்தில் பிரைமரும் இயந்திரம் வகுத்த ஆழத்துக்குப் போகிறது. ராணுவ விளிம்பை அகற்ற ஒரு நிலையும் உண்டு. கையின் உணர்வில் ஒரு பங்கை இயந்திரமே ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டது. மார்க் 7 கம்பெனி பெயர்பெற்றதும் இந்த 1050க்குச் செய்த மோட்டார் இணைப்பால்தான். பெரியவரிடம் இருப்பது 650 என்றால், நீயாக ஒன்றைச் செய்யாமல் அதற்கென்று விற்கும் தயாரான இணைப்பை வாங்கச் சொல்.

1050 என்று வைத்துக்கொண்டு அந்த அரைப் பக்கக் கணக்கைப் பார்ப்போம். 30 செ.மீ. கைப்பிடியில் 150 நியூட்டன் தேவைப்பட்டால் முறுக்கு விசை 45 நியூட்டன் மீட்டர். கால் குதிரைத்திறன் மோட்டார் 1500 சுற்றில் ஏறத்தாழ 1.2 நியூட்டன் மீட்டர் தரும். 60க்கு 1 கியர் பாக்ஸ் வைத்தால் காகிதத்தில் 71. வார்ம் கியரின் உராய்வில் போனது போக 45, 46 நிற்கும். கைப்பிடிக்குப் பதில் பிரஸ்ஸை இயக்கும் கிராங்க் நிமிடத்துக்கு 25 சுற்று, அதாவது மணிக்கு 1500 தோட்டா. கையால் இழுத்தால் 1050 மணிக்கு 1000 முதல் 1200 வரை தரும் என்கிறது டில்லன். உங்களுக்கு அதுவே போதும். வேகத்தைக் குறைக்க மூன்று பேஸ் மோட்டாரும் அதன் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யும் வைத்துக்கொள். வீட்டு ஒற்றை பேஸ் இணைப்பிலேயே ஓடும் வி.எஃப்.டி.கள் கிடைக்கின்றன. கார்பன் பிரஷ் உள்ள டி.சி. மோட்டார் வேண்டாம், பிரஷ் பொறி தட்டும்; பக்கத்தில் மருந்து இருக்கிறது.

இப்போது உண்மையான சிக்கல். மோட்டார் இழுக்கும் ஆம்பியரைப் பார்த்து, ஏறினால் நிறுத்திவிடலாம் என்று நீ நினைப்பாய். பாதி வழிவரை அது சரி. ஆனால் கிராங்க் தன் வீச்சின் கடைசிப் புள்ளியான டெட் சென்டரை நெருங்கும்போது சிறு முறுக்கு விசையிலேயே பிரஸ் மிகப் பெரிய அழுத்தம் தரும். அந்த இடத்தில் மோட்டாருக்குப் பாரமே தெரியாது, ஆம்பியர் மீட்டர் அமைதியாக இருக்கும். பிரைமர் பொருந்துவது, ராணுவ விளிம்பை அகற்றுவது, வாயை இறுக்குவது எல்லாம் இழுப்பின் அந்தக் கடைசிச் சில மில்லிமீட்டரில்தான். எங்கே ஆபத்து அதிகமோ அங்கேதான் ஆம்பியர் குருடு. அதனால் ஒரே ஒரு உச்ச வரம்பு வைத்தால் போதாது. கிராங்க் தண்டில் கோணத்தை அளக்கும் என்கோடர் வைத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு பாரம் வழக்கம் என்று பதிவு செய்து, ஒவ்வொரு சுற்றையும் அந்தப் பதிவோடு கோணத்துக்குக் கோணம் ஒப்பிடவேண்டும். விளிம்பை அகற்றும் கம்பிக்குக் கீழே ஒரு லோட் செல் வைக்க முடிந்தால் இன்னும் நேர்மையான சேதி கிடைக்கும்.

இதோடு, பாரம் மீறினால் நழுவும் ஒரு கிளட்சும் வேண்டும். அதை எங்கே வைப்பாய்? மோட்டாருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் வைப்பது சுலபம், சின்ன கிளட்ச் போதும். ஆனால் கியர் விகிதம் 60 என்றால், கிளட்சுக்கு அப்பால் மோட்டார் வேகத்தில் சுழலும் வார்ம் தண்டின் நிலைமம் பிரஸ் பக்கத்தில் 3600 மடங்காகத் தெரியும். கூடு சிக்கிய கணத்தில் கிளட்ச் நழுவினாலும் அந்தத் தண்டு சேர்த்துவைத்த ஆற்றல் உள்ளே வந்து இறங்கும். அதனால் கிளட்சை கியர் பாக்ஸுக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவில், பால் டிடென்ட் வகை டார்க் லிமிட்டராக வை. இன்னொரு லாபமும் உண்டு. இந்த விகிதத்தில் வார்ம் கியர் பின்னோக்கிச் சுற்றாது என்றே வைத்துக்கொள்ளவேண்டும். சிக்கிய கூட்டை விடுவிக்கக் கைப்பிடியைப் பின்னால் தள்ளினால் அசையாது. கிளட்ச் வெளிப்பக்கம் இருந்தால் விடுவித்துவிட்டு, பழைய கைப்பிடியால் மெதுவாகத் திருப்பலாம். அந்தக் கைப்பிடியைக் கழற்றிப் போட்டுவிடாதே, எட்டும் இடத்தில் தொங்கட்டும்.

விரல்களுக்கு வருகிறேன். தையல் மெஷினுக்கு மோட்டார் பூட்டினாலும் வேகம் தைப்பவரின் கால் மிதியில் இருக்கிறது. துணியைப் பிடித்த கையும் மிதிக்கும் காலும் ஒருவருடையவை. கைப்பிடிப் பிரஸ்ஸிலும் அப்படித்தான், வலக்கை இழுக்காமல் இடக்கை மேல் டை இறங்காது. மோட்டார் பூட்டிய நொடியில் அந்த உறவு அறுந்துபோகிறது. 2.4 விநாடிக்கு ஒருமுறை இறங்கும் டைக்குக் கீழே ஒருவர் கையால் குண்டு வைத்துக்கொண்டிருந்தால் விரல் போகும், சந்தேகமே வேண்டாம். குண்டு வைக்கத் தானியங்கி ஃபீடர், முன்னால் பாலிகார்பனேட் தடுப்பு, தடுப்பைத் திறந்தால் மின்சாரம் போகும் சுவிட்ச். இவை மூன்றும் வாங்கப் பணம் இல்லையென்றால் மோட்டாருக்கும் பணம் இல்லை என்று அர்த்தம்.

நிறுத்தும் சுற்றைக் கம்ப்யூட்டர் புரோகிராமை நம்பிக் கட்டாதே. சிவப்புக் காளான் தலை பட்டன், தடுப்பின் சுவிட்ச் இரண்டும் சாதாரண நிலையில் மூடிய தொடர்புகளாக, கான்டாக்டரின் காயிலோடு தொடராக வரட்டும். ஒயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்கும். வி.எஃப்.டி.க்கு மின்சாரம் போனால் மோட்டார் சும்மா சுற்றி ஓயும். அதனால் மின்சாரம் போனதும் ஸ்பிரிங்கால் பிடிக்கும் பிரேக் உள்ள மோட்டாராக எடு. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. யாராவது பட்டனை அழுத்தவேண்டும்.

மருந்துதான் மிச்சம். அதன் தவறுகள் மேசையில் தெரியாது, துப்பாக்கியில்தான் தெரியும். மருந்து விழாத தோட்டாவில் பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளி, குழலின் நடுவில் நிறுத்திவிடும். அடுத்த தோட்டா அதன் பின்னால் வந்தால் குழல் பிளக்கும். இரட்டை மருந்து விழுந்தால் துப்பாக்கியே சிதறலாம். .38 ஸ்பெஷல் கரும்பொடி மருந்துக் காலத்தில் பிறந்த கூடு, உள்ளே இடம் தாராளம். இன்றைய புகையற்ற மருந்து அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும், இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது. கையால் இழுப்பவர் ஒவ்வொரு கூட்டையும் குனிந்து பார்ப்பார். மோட்டார் வேகத்தில் கண்ணுக்கு நேரம் இல்லை. மருந்து மட்டம் பார்க்கும் நிலை ஒன்று கட்டாயம். சத்தம் போடுவது மட்டும் போதாது, அது நிறுத்தும் சுற்றிலேயே சேரவேண்டும். எந்தக் காரணத்துக்காக இயந்திரம் பாதியில் நின்றாலும், மருந்து நிலையிலும் அதற்கு அடுத்த நிலைகளிலும் இருக்கும் கூடுகளை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டவேண்டும். பாதி இறங்கித் திரும்பிய இழுப்பில் அதே கூட்டுக்கு இரண்டாவது முறை மருந்து விழ வழி உண்டு.

மருந்து விழ நேரமும் வேண்டும். அடியில் ஒரு கண நேரம் நிற்கும்படியும், தட்டு திரும்பும் கட்டத்தில் மெதுவாகும்படியும் வேகத்தை வி.எஃப்.டி.யில் வகுத்துக்கொள். தட்டு சட்டென்று குதித்து நின்றால் திறந்த கூட்டிலிருந்து மருந்து சிந்தி, பிரைமர் பொருந்தும் இடத்தில்தான் போய்ச் சேரும். கூடு இருக்கிறதா என்று பார்க்க இண்டக்டிவ் சென்சார் வாங்குவாய். அட்டையில் 2 மி.மீ. என்று போட்டிருப்பது எஃகுக்கு. பித்தளைக்கு ஏறக்குறைய பாதிதான் எட்டும். அதற்கேற்ப நெருக்கி வை.

அடுத்த வாரம் செய்யவேண்டியது இதுதான். பிரைமரும் மருந்தும் மேசையிலிருந்து, ஏன், கராஜிலிருந்தே அப்புறப்படுத்தச் சொல். ஸ்பிரிங் தராசைக் கைப்பிடியின் நுனியில் மாட்டி, எப்போதும் கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்து, பத்துப் பத்து டிகிரிக்கு ஒருமுறை விசையை எழுது. கடைசி இருபது டிகிரியில் இரண்டு டிகிரிக்கு ஒருமுறை எழுது. வெறும் பிரஸ்ஸில் ஒரு வரிசை, எல்லா நிலைகளிலும் கூடு நிறைந்து ஒரு வரிசை, ராணுவக் கூடுகளுக்குத் தனியாக ஒரு வரிசை. மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா