தோட்டத்து ஊழியத்துக்குப் புதிதாக இறங்குகிறவர்களுக்கு

பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு இந்த வருடம் ஊழியத்துக்கு வருகிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஓய்வுபெற்ற ஓர் உபதேசியாரின் பேச்சு இது. சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை நாலு மழைக்காலம் கழித்து யோசித்துப் பாருங்கள்.

1. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், கால் வைத்த அன்றே மகிழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். நீங்கள் பார்க்கப்போகும் அக்கா விடிய நாலு மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு பகல் முழுக்க மலையில் நின்றவர். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்து, இரண்டு கிலோ குறைகிறது என்று அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்த முகத்தைப் பார்த்து "களிகூருங்கள்" என்று சொல்ல வாய் வருமென்றால் இந்த வேலை உங்களுக்குச் சரிவராது. கொடுக்கிற தேத்தண்ணியைக் குடியுங்கள். இன்றைக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள்.

2. ஜெபக்கூட்டம் அரை மணித்தியாலம். அதற்கு மேல் வேண்டாம், அடுப்பில் கறி இருக்கிறது.

3. இந்த வேலையைத் தொடங்கியவர்கள் நாம் இல்லை. 1854இல் சர்ச் மிஷனரி சங்கத்தார் தமிழ்க் கூலி மிஷனை ஆரம்பித்தார்கள். திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் வந்து, அப்போதைய கோப்பித் தோட்டங்களில் லயம் லயமாக நடந்தார்கள். கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகும் அந்த நடை நிற்கவில்லை. அவர்களுடைய கால்களுக்கு நான் மரியாதை செய்கிறேன். ஆனால் துரை தயவில்லாமல் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலம் அது. துரைக்குப் பிடிக்காததைப் பேசாமல் விடும் பழக்கம் அப்போதே நம்மிடம் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். துரைமார் போய், அரசாங்கம் எடுத்து, கம்பனிகள் வந்த பிறகும் அது முழுசாக விட்டபாடில்லை.

4. பிலிப்பிச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள். முதுகில் அடிபட்ட காயம், கால் தொழுமரத்தில். இதை எல்லாரும் பிரசங்கிப்பார்கள். மறுநாள் காலையில் நடந்ததைத்தான் விட்டுவிடுவார்கள். சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது பவுல் அசையவில்லை. ரோமக் குடிமக்களான எங்களை விசாரணையில்லாமல் எல்லாருக்கும் முன்னால் அடித்தீர்கள், நீங்களே வந்து வெளியே கூட்டிப்போங்கள் என்றார். அவர்களும் வந்தார்கள். ராத்திரி பாடியவரும் காலையில் குடியுரிமை பேசியவரும் ஒரே ஆள். பின்னொரு காலத்தில் விலங்கோடு இருந்துகொண்டு அதே பிலிப்பியருக்கு மகிழ்ச்சி நிறைந்த நிருபத்தை எழுதியவரும் அவர்தான்.

தோட்டத்துத் தமிழரான நாங்களும் 1948இல் குடியுரிமை பறிபோன சனம். இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்தில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று எங்களைப் பங்கு போட்டார்கள். மிச்சமிருந்தவர்களின் காரியம் சட்டத்தில் தீர 2003 ஆனது. ஆகவே பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழுந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பதுளைக் கச்சேரிக்குப் போவதும், சேமலாப நிதிப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் ஊழியத்துக்குப் புறம்பான வேலை என்று யாராவது சொன்னால், அவருக்கு அந்தப் பிலிப்பிச் சிறை அதிகாரத்தைக் கடைசிவரை வாசித்துக் காட்டுங்கள்.

5. அறுப்பின் பண்டிகையைத் தவற விடாதீர்கள். லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி நிலத்தில் விளைந்த போஞ்சி, லீக்ஸ், கோவா எல்லாம் கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்து ஏலம். ஒரு பூசணிக்காயை எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டு, "திரும்பவும் போடுங்க" என்று காயை மேசையில் வைத்துவிடுவார். அதே காய் மூன்று தரம் விலைபோகும். போன கிழமை அரைப் பேர் வாங்கிய அக்கா, கங்காணியோடு போட்டிக்கு விலை ஏற்றுவார். கோயில் முழுக்கச் சிரிக்கும். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். நாம் அங்கே சந்தோஷத்தைக் கொண்டுபோய் இறக்குகிறோம் என்ற நினைப்பு அன்றைக்கு உங்களை விட்டுப் போகும்.

6. மைக்கல் றொட்ரிகோ அடிகளாரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அவர் கத்தோலிக்கர், நாம் வேறு சபை. இருக்கட்டும். 1972இல் பதுளை மறைமாவட்டம் புதிதாகப் பிரிந்தபோது, கண்டியில் ஆயராக இருந்த லியோ நாணயக்கார அந்தப் பெரிய இடத்தை விட்டு இங்கே வந்தார். நம் பண்டாரவளையில் சேவக செவண என்ற குருமடத்தைத் தொடங்கினார். குருமாணவர்கள் ஏழைகளின் நடுவில் இருந்து படிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அதை நடத்த வந்தவர்தான் றொட்ரிகோ. இரண்டு கலாநிதிப் பட்டம் பெற்று, அம்பிட்டிய குருமடத்தில் படிப்பித்தவர். 1980இல் அவர் புத்தலவுக்குப் பக்கத்தில் அலுகலவித்த என்ற பௌத்தக் கிராமத்தில் குடிசை போட்டுக் குடியேறினார். மதம் மாற்றப் போகவில்லை. மூலிகை வைத்தியம், காணிப் பிரச்சினை, பிள்ளைகளின் படிப்பு என்று அந்தச் சனங்களோடு இருந்தார். மிரட்டல் வந்தது. போவதா, இருப்பதா என்று உடனிருந்தவர்களோடு பேசி, இருப்பதென்று முடிவெடுத்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, பூசை முடிகிற வேளையில் சுட்டுக் கொன்றார்கள்.

இதைச் சொல்வது உங்களைத் தியாகியாக்க இல்லை. சாவைவிட, அதற்கு முந்தின ஏழு வருடத்தைப் பாருங்கள். படித்த படிப்புக்கு வெளிநாட்டில் நாற்காலி கிடைத்திருக்கும். அந்த வருடங்களை ஊர்க்காரர் முற்றத்தில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்பதில் செலவழித்தார்.

7. சாவு வீட்டில் "தேவசித்தம்" என்று சொல்லாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போக வேறு காணியும் வீடும் இல்லாத சனம் எங்கே போகும்? மனுஷர் செய்யாமல் விட்டதை ஆண்டவர் தலையில் கட்டுவது பக்தி ஆகாது. அப்படியான நாளில் சோறு சமைக்கிற இடத்தில் நில்லுங்கள், பிணத்தை அடையாளம் காணப் போகிறவரோடு கூடப் போங்கள்.

8. மார்கழியில் கரோல் போகும்போது லயத்தில் ஒரு வாசலையும் தாண்டிப் போகாதீர்கள், இந்துக்கள் வீடானாலும். மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்கள் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இதில் என்னோடு ஒத்துப்போகாத போதகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் லயத்தில் குடியிருப்பதில்லை.

9. அலுத்துப்போகும் நாள் வரும். பாட்டு வராவிட்டால் முன்னால் நின்று நடிக்காதீர்கள்; சனத்துக்கு உடனே தெரிந்துவிடும். பின்வாங்கில் உட்காருங்கள், அவர்கள் பாடட்டும். கிழமையில் ஒரு நாள் கட்டாயம் ஓய்வு, அன்றைக்கு போனை எடுக்க வேண்டாம்.

10. அட்டைக்குச் சவர்க்காரம் கொண்டுபோங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று போன உடனே விசாரியுங்கள். தங்கச்சிமார் இரண்டு பேராகவே போங்கள். பஸ் தவறிவிட்டால் பங்களாவிலோ உத்தியோகத்தர் வீட்டிலோ படுக்க இடம் கேட்காதீர்கள். லயத்தில் கேளுங்கள், பாய் தருவார்கள்.