'வேலை செய்யவில்லை' என்றால் போதுமா?

கேள்வி: லிப்ரே ஆபிஸில் தமிழ்க் கோப்பை பிடிஎஃப் ஆக்கினால் எழுத்து உடைகிறது. யாரிடம் சொல்வது?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: உங்கள் ஊர் பீங்கான் பேட்டையில் போய் "கப்பு விரிசல் விட்டுடுச்சு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எந்தச் சூளை, எந்த அடுக்கு, கிளேஸ் பூசும் முன்பா பின்பா என்றுதான் கேட்பார்கள். இங்கேயும் அப்படித்தான்.

லிப்ரே ஆபிஸ் பிழைகளைப் பதிய பக்ஸில்லா என்ற பிழைப்பதிவு அமைப்பு இருக்கிறது. 1998இல் மோசில்லா திட்டத்துக்காகப் பிறந்தது. முதலில் அதில் தேடுங்கள், வேறொருவர் ஏற்கெனவே பதிந்திருக்கலாம். இல்லையென்றால் பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துரு, செய்த படிகள் எல்லாவற்றையும் எழுதி, இரண்டே வரியுள்ள மாதிரிக் கோப்பை இணையுங்கள். (நாற்பது பக்கத்தை அனுப்பினால் யார் பார்ப்பார்கள்?) பதிந்ததும் 'உறுதிப்படாதது' என்றே நிற்கும், இன்னொருவர் கணினியிலும் அதே கோளாறு வந்தால்தான் நிலை மாறும். கூடுதல் விவரம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் பதில் போடுங்கள். போடாவிட்டால் பதிவை மூடிவிடுவார்கள்.