காய்ச்சலோடு களரியில் இறங்காதீர்கள்: ஆடி மாதத்துக்கான பயிற்சி ஆலோசனை

கர்க்கடகம் பிறந்துவிட்டது. நமக்கு ஆடி. வாளையார் கணவாயில் காற்று ஊளையிடுகிறது. மூணாறு, வண்டிப்பெரியார் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. களரிக்காரர்களுக்கு இதுதான் முக்கியமான பருவம். மழைக்குளிரில் எண்ணெய் தேய்த்தால்தான் உடம்பு இளகும் என்று உழிச்சில் என்கிற எண்ணெய்த் தேய்ப்பும் பயிற்சியும் இப்போதுதான் மும்முரமாக நடக்கும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பகுதிகளில் மாலைச் சிலம்ப வகுப்புகள் மைதானத்தை விட்டுக் கூரைக்கடியில் வந்துவிட்டன. மறையூரிலும் நெடுங்கண்டத்திலும் கராத்தே பிள்ளைகள் பள்ளிக்கூட ஹாலில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஊரில் காய்ச்சல் கூடுகிற மாதமும் இதுதான்.

ஒரு நாள்கூட விடாமல் வந்தவன் என்ற பெயர் நம் ஆசான்களிடம் பெரிய பெயர். அந்தப் பெயருக்காகவே உடம்பு கொதிக்கக் கொதிக்க வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாராசிட்டமால் போட்டு, வியர்த்ததும் சரியாகிவிட்டது என்று கோலைக் கையில் எடுத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் பாதி வகுப்பு இருமும். இந்த ஆடி முடியும்வரை கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். நோயோடு வராமல் இருப்பதும் ஆசானுக்குச் செய்கிற மரியாதைதான். இதை மாணவர் தானாகச் சொல்ல மாட்டார். ஆசான்தான் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "காய்ச்சல்னா வராதே. வராததுக்கு நான் கோபப்பட மாட்டேன்." இன்றைய வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

குழிக்களரியின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். நாற்பத்திரண்டடி நீளம், இருபத்தோரடி அகலம், தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழி, மேலே தாழ்ந்த கூரை. கடுங்காற்று உள்ளே அடிக்கக் கூடாது என்றே கட்டியது. பயில்பவரின் எண்ணெய் மேனிக்கு அது நல்லது. ஒருவர் இருமினால் அந்த மூச்சும் உள்ளேயே நிற்கும். ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே, அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை மற்றவருக்குப் பரப்புகிறார். எனவே காய்ச்சல், உடம்புவலி, தொடர் இருமல் என்றால் வீட்டிலேயே இருங்கள். மாத்திரை இல்லாமலே இருபத்துநான்கு மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றான பிறகு வெளியே வரலாம், வந்த பின்னும் சில நாள் முகக்கவசத்தோடு. வெறும் மூக்கொழுகல்தான் என்றால் திறந்த இடத்தில், தள்ளி நின்று, தனியாகக் காலடி போட்டுப் பழகுங்கள். ஜோடிப் பயிற்சி வேண்டாம்.

மழையில் அதிகம் தொல்லை தருவது தோல் நோய். அதைத்தான் நாம் அதிகம் மறைக்கிறோம். ஈரக் கச்சை, காயாத கௌபீனம், வியர்வை ஊறிய கராத்தே உடை ஆகியவை படர்தாமரைக்கு விளைநிலம். தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்ட வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து அரித்தால் கூச்சப்படாமல் ஆசானிடம் சொல்லுங்கள். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். மருந்துக்கு அடங்காத படர்தாமரை இந்தியா முழுக்கப் பரவியதற்கு இந்தக் களிம்புகளும் ஒரு காரணம். அமெரிக்கப் பள்ளி மல்யுத்த விதிகளின்படி உடம்பில் படர்தாமரை உள்ளவர் குறைந்தது மூன்று நாளும், தலையில் உள்ளவர் பதினான்கு நாளும் மருந்து எடுத்த பிறகே களமிறங்கலாம். நம் ஊர் ஈரத்துக்கும் இங்குள்ள பூஞ்சையின் பிடிவாதத்துக்கும் மூன்று நாள் போதாது என்பது என் கருத்து. மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை உடம்போடு உடம்பு படுகிற எதுவும் வேண்டாம்.

சிரங்கு வந்தால் மருந்து ஒருவருக்கு மட்டும் போதாது. லயத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் ஐந்து பேரும் ஒரே இரவில் பூச வேண்டும். இல்லாவிட்டால் அது சுற்றிச் சுற்றி வரும். சீழ்க் கொப்புளம், தேன் நிறத்தில் பொருக்கு கட்டும் புண் ஆகியவற்றுக்கும் மருத்துவரைப் பாருங்கள். துணி கட்டி மறைத்துக்கொண்டு வராதீர்கள். வியர்வையில் கட்டு அவிழ்ந்துவிடும்.

முகத்திலோ கழுத்திலோ கொத்தாக நீர்க்கொப்புளம் எழுந்தால் கண்டிப்பாக விலகி இருங்கள். 1989இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த மல்யுத்த முகாமில் 175 பேர் கலந்துகொண்டார்கள். கன்னமும் கழுத்தும் உரசிப் பயின்றதில் 60 பேருக்கு இந்த ஹெர்ப்பிஸ் கொப்புளம் தொற்றியது. களரியின் வெறுங்கைப் பிடிகளிலும் நாம் அதே அளவு நெருங்கித்தான் நிற்கிறோம்.

செங்கண்ணு, அதாவது மெட்ராஸ் ஐ. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். பார்வையால் ஒட்டாது, கையால் ஒட்டும். களரியில் இது எளிதாகப் பரவுவதற்கு ஒரு காரணம் உண்டு. வலது காலை வைத்து இறங்குகிறோம், குனிந்து தரையைத் தொடுகிறோம், அதே விரலால் நெற்றியைத் தொடுகிறோம், பிறகு வழிபாட்டு மேடையான பூத்தறையையும் களரி ஆசானான குருக்களின் பாதத்தையும் தொட்டு மறுபடி கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். இருபது பேர் அடுத்தடுத்து ஒரே இடத்தில். கண் சிவந்து பீளை கட்டுகிற காலத்தில் இந்த வரிசை முழுவதும் தொற்றின் பாதை. ஒரு பிள்ளைக்குக் கண் சிவந்தாலும் அந்த வாரம் எல்லாரும் கைகூப்பி வணங்கினால் போதும் என்று குருக்கள் அறிவிக்கட்டும். வழிபாட்டில் குறை வராது. கண் சிவந்தவர் சிவப்பும் பீளையும் முழுக்கப் போகும்வரை வர வேண்டாம். சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும்.

பொன்னுக்கு வீங்கிக்கு மலையாளத்தில் முண்டிநீர் என்று பெயர். 2024இன் தொடக்கத்தில் கேரளத்தில் இது பரவலாக வந்தது. அரசு இலவசமாகப் போடும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியில் இதற்குப் பாதுகாப்பு இல்லை. கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது உங்கள் நம்பிக்கை, போடுங்கள். கூடவே கன்னம் வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் வீட்டில் வையுங்கள். வயதுக்கு வந்த பையன்களுக்கு விரையிலும் வீக்கம் வரலாம். அது அடங்காமல் உதைப் பயிற்சிக்கு அனுப்பவே கூடாது.

அம்மை போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே போக மாட்டார், வீட்டுக்காரரும் விசேஷங்களுக்குப் போக மாட்டார். மற்ற நோய்களுக்கும் நமக்கு வேண்டியது அந்தக் கட்டுப்பாடுதான். சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டும்வரை பரவும். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்பதை மட்டும் கணக்கில் வைக்காமல் பொருக்கைப் பாருங்கள். இன்னொன்று, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவத் தொடங்கியிருக்கும். அதனால் வராமல் இருந்தால் மட்டும் போதாது, ஆசானுக்குப் போன் செய்து சொல்லுங்கள். அந்த இரண்டு நாளில் உங்களோடு ஜோடி போட்டவரின் வீட்டில் கர்ப்பிணி இருக்கலாம்.

டெங்குவும் எலிக்காய்ச்சலும் பயிற்சியில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. இருந்தாலும் பயிற்சி கூடாது. டெங்குவில் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது கோலடி ஒன்று பட்டால் உள்ளே ரத்தம் கசியலாம். காய்ச்சல் விட்டதும் தேறிவிட்டதாக நினைக்கிற அந்த ஓரிரு நாள்தான் டெங்குவில் ஆபத்தானது. வலிக்கு பாராசிட்டமால் தவிர ஐபுப்ரோஃபன், ஆஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து வருவது. மழைநீர் ஊறிய குழியில் வெடித்த பாதத்தோடு இறங்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் இறைத்து, தரை உலரும்வரை பயிற்சியை மேலே மாற்றுங்கள். தோட்ட வேலை, வயல் வேலை செய்கிறவர்கள் தடுப்பு மாத்திரை பற்றிக் குடும்ப சுகாதார மையத்திலோ ஆஷா பணியாளரிடமோ கேளுங்கள்.

இனி பொதுவில் புழங்கும் பொருள்கள். நான் போன ஒரு கொட்டகையில், தூணில் அடித்த ஆணியில் ஒரே ஒரு துண்டு தொங்கியது. நிறம் போய், ஓரம் பிய்ந்து, எப்போதும் ஈரமாக. வருகிறவர் எல்லாம் முகம் துடைத்தது அதில்தான். அதைத் துவைக்க வேண்டியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு துண்டு உங்கள் இடத்திலும் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு கச்சை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். கோல் வாங்க முடியாத பிள்ளைக்குக் கொடுக்கும் பொதுக் கோலை, கை மாறும்போது சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். எண்ணெயைக் கிண்ணத்தில் எல்லாரும் கை விட்டு எடுக்க வேண்டாம், கரண்டியால் உள்ளங்கையில் ஊற்றுங்கள். பயிற்சி விரிப்பை வகுப்பு முடிந்ததும் கழுவி நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

உழிச்சிலுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புதுக்காய்ச்சலில் எண்ணெய்த் தேய்ப்பும் கடும் பயிற்சியும் கூடாது என்று ஆயுர்வேதமே விலக்கி வைத்திருக்கிறது. கர்க்கடகத்துக்கு ஏழு நாள் என்று முன்பே பேசி வைத்திருந்தாலும், காய்ச்சலோ தோல் புண்ணோ இருந்தால் தள்ளிப் போடுங்கள். உழிகிறவருக்குப் பாதத்தில் சேற்றுப்புண் இருந்தால் அவரும் அன்று கயிற்றைப் பிடித்து முதுகில் ஏறி மிதிக்க வேண்டாம். அவர் பாதம் அடுத்தடுத்து எத்தனை பேர் முதுகில் படுகிறது!

குமுளியிலும் மூணாறிலும் சுற்றுலாப் பயணிகளுக்குக் களரி நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது கூலி. ஒரு நாள் ஆடாவிட்டால் அன்றைய பணம் போய்விடும் என்றால் எந்தக் கலைஞரும் காய்ச்சலைச் சொல்ல மாட்டார். மாற்று ஆள் வைத்துக்கொள்ளுங்கள், நோய்நாளுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியே ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து ஏலத்தோட்டத்துக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் மாலையில் நம்மிடம்தான் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே பிள்ளைகள் பொள்ளாச்சியிலும் கம்பத்திலும் போட்டிக்குப் போகிறார்கள். 2022 மே மாதம் கொல்லத்தில் குழந்தைகளுக்குக் கொப்புளம் எழுப்பும் தக்காளிக் காய்ச்சல் பரவியபோது, வாளையாரில் தமிழக சுகாதாரத் துறையினர் வண்டிகளை நிறுத்திக் குழந்தைகளைப் பரிசோதித்தது நினைவிருக்கும். எல்லையில் நின்று எல்லாரையும் பார்க்க முடியாது. வண்டி ஏறும் முன் ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் கையையும் ஆசானே பார்த்துவிடலாம்.

திரும்பி வருகிறவரை முதல் நாளே முழுப் பயிற்சியில் விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் காலடியும் வணக்கமும் மட்டும். அடுத்து தனிச்சுற்று, மூச்சு வாங்காமல் இருந்தால் ஜோடி. நெஞ்சு படபடத்தாலோ வலித்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் இதயத் தசை வீங்குவது உண்டு. நடுவில் சந்தேகம் வந்தால் கேரள அரசின் திசா உதவி எண் 1056. விட்டுப்போன பாடத்தை, திரும்பி வந்த வாரத்தில் வகுப்புக்கு அரை மணி முன்னால் வரச்சொல்லி ஆசானே சொல்லிக்கொடுக்கட்டும்.